புற்றுநோயாளியையும் அவரைப் பராமரிக்கும் குடும்பத்தாரையும் சேர்த்து ஆராய்வது எப்படி: செவிலியர்களுக்கான வழிகாட்டி

முதுநிலைச் செவிலியப் படிப்பின் ஆய்வேடுகளில் அடிக்கடி காணப்படும் அமைப்பு ஒன்று உண்டு. புற்றுநோயாளிகளின் குடும்பத்தாருக்கு ஒரு வினாத்தாள் கொடுக்கப்படும். படங்களைக் காட்டி ஒரு பாடம் நடத்தப்படும். ஏழாம் நாள் அதே வினாத்தாள் மறுபடியும் கொடுக்கப்படும். மதிப்பெண் உயர்ந்ததாக முடிவு எழுதப்படும். பாடம் நடத்திய பிறகும் மதிப்பெண் உயராவிட்டால்தான் வியப்பு. அந்தக் குடும்பத்தார் வீட்டில் குழாய்வழி உணவு செலுத்தத் தயங்கினார்களா, இரவில் தூங்க முடிந்ததா, சிகிச்சைக்கு ஒரு நாளும் தவறாமல் அழைத்துவர முடிந்ததா என்பதைப் பற்றி அத்தகைய ஆய்வு எதுவும் சொல்வதில்லை. ஆகவே, இத்துறையில் இறங்கும் செவிலியர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, பராமரிப்பவரின் அறிவை அளக்கப்போகிறோமா அல்லது அவருடைய அன்றாடத்தில் ஏற்படும் மாற்றத்தை அளக்கப்போகிறோமா என்பதுதான். இவ்வழிகாட்டி இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு உரியது.

ஆய்வுக் கேள்வியைக் குறுக்குதல்

‘புற்றுநோயாளிகளின் பராமரிப்பாளர்கள்’ என்று பொதுவாகத் தொடங்கினால் ஆய்வு நிலைகொள்ளாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோவுக்கு வந்துபோகும் மார்பகப் புற்றுநோயாளியின் கணவருக்கும், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தையோடு மாதக்கணக்கில் வார்டிலேயே தங்கும் தாய்க்கும் பொதுவான சுமை மிகக் குறைவு. ஒரு புற்றுநோய், ஒரு சிகிச்சை, ஒரு காலகட்டம் என்று சுருக்கிக்கொள்வது நல்லது. இங்கே எடுத்துக்காட்டாக, தலை-கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுபவர்களையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் எடுத்துக்கொள்ளலாம். புகையிலை மெல்லும் பழக்கம் பரவியுள்ள இந்தியாவில் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. அதைவிட முக்கியமாக, பராமரிப்பவரின் கைவேலை இதில் சிகிச்சையின் வெற்றியோடு நேராகப் பிணைந்திருக்கிறது.

இச்சிகிச்சை வழக்கமாக வாரத்தில் ஐந்து நாள் என 6 அல்லது 7 வாரங்கள் நீடிக்கும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் வாய்ப்புண் தொடங்கி, சிகிச்சை முடியும் தறுவாயில் உச்சத்தை எட்டி, முடிந்த பிறகும் சில வாரங்கள் வாட்டும். விழுங்க முடியாத நிலையில், வார்டில் ரைல்ஸ் டியூப் என்று சொல்லப்படும் மூக்குவழிக் குழாய் பொருத்தப்படுகிறது. அன்றிலிருந்து, கஞ்சியைக் கரைத்து வடிகட்டுவது, தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பது, குழாய் இடம் மாறவில்லை என்று அதில் இட்ட குறியைப் பார்ப்பது, உணவுக்கு முன்னும் பின்னும் தண்ணீர் செலுத்துவது, வலி மருந்தை நேரம் தவறாமல் கொடுப்பது, உப்பும் சோடா உப்பும் கலந்த நீரால் வாய் கொப்பளிக்கச் செய்வது ஆகிய அனைத்தும் வீட்டில் ஒருவருடைய பொறுப்பாகிவிடுகின்றன. இவை தவறினால் எடை குறையும். எடை குறைந்து உடல் தளர்ந்தவர் சில நாள்கள் கதிர்வீச்சுக்கு வரமாட்டார். இடைவெளி விழுந்து மொத்தச் சிகிச்சைக் காலம் நீண்டால் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு குறையும். ஆகையால் பராமரிப்பவருக்கு அளிக்கும் ஆதரவின் பயனை அவருடைய மனநிலையில் மட்டுமல்லாமல், நோயாளியின் வாராந்திர எடையிலும் தவறிப்போன சிகிச்சை நாள்களின் எண்ணிக்கையிலும் காண முடியும். இவ்விரண்டும் ஏற்கெனவே நோயாளியின் அட்டையில் பதிவாகின்றன என்பதால் ஆய்வாளருக்குக் கூடுதல் செலவும் இல்லை.

இந்தக் காலவரிசையே அளவீட்டு நாள்களையும் தீர்மானிக்கிறது. முதல் வாரத்தில் ஒரு முறை, சிகிச்சை முடியும் வாரத்தில் ஒரு முறை, முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு முறை என அளப்பது பொருத்தமாக இருக்கும். ஏழாம் நாள் அளவீட்டுக்கு இங்கே இடமில்லை. அப்போது துன்பம் இன்னும் தொடங்கியிருக்காது. பல்கலைக்கழகம் தரவு சேகரிப்புக்கு ஒதுக்கும் காலம் இதற்குப் போதாது என்றால், ஆதரவுத் திட்டத்தின் பயனைச் சோதிப்பதாகப் பெயர் சூட்டாமல், உச்ச வாரத்தில் பராமரிப்பவர்களின் நிலையை மட்டும் விவரிக்கும் ஆய்வாகச் செய்துவிடுவதே நேர்மையானது. அத்தகைய நல்ல விவர ஆய்வுக்கும் நம்மிடம் பஞ்சம்தான்.

பராமரிப்பவர் யார்?

மருத்துவமனைக்கு உடன்வருபவரே பராமரிப்பவர் என்று எண்ணிவிடக்கூடாது. படிவத்தில் கையெழுத்திடுபவர் மகனாக இருப்பார்; அவரே மருத்துவரிடம் பேசுவார், பணம் கட்டுவார். வீட்டில் குழாயில் உணவு செலுத்துபவர் மனைவியாகவோ மருமகளாகவோ இருப்பார். அவர் புறநோயாளிப் பிரிவின் வாசலைக்கூடத் தாண்டியிருக்கமாட்டார். எனவே நோயாளியிடமே, “வீட்டில் உங்களுக்குச் சாப்பாடும் மருந்தும் கொடுப்பது யார், இரவில் யார் எழுந்து வருகிறார்கள்?” என்று கேட்டு, அவர் குறிப்பிடுகிறவரை ஆய்வில் சேர்க்க வேண்டும். சம்பளம் பெறும் பணியாளரைச் சேர்ப்பதில்லை என்பதையும் வரையறையில் எழுதிவிட வேண்டும்.

நோயாளியின் ஒப்புதல் பராமரிப்பவருக்கும் பொருந்தும் என்று கருதுவது பெரும்பிழை. பராமரிப்பவரும் ஆய்வுக்கு உட்படும் மனிதர். அவருக்குத் தனித் தகவல் தாளும் தனி ஒப்புதல் படிவமும் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களைப் படித்துவிட்டே, ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். ஆதரவுத் திட்டத்தைச் சோதிக்கும் ஆய்வானால், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு செய்துவிட வேண்டும். அதே வார்டில் பணிபுரியும் செவிலியர் ஒப்புதல் கேட்டால், மறுத்தால் கவனிப்பு குறைந்துவிடுமோ என்று அஞ்சியே பலர் தலையசைப்பார்கள்; ஆதலால் ஒப்புதல் பெறும் வேலையைச் சிகிச்சையில் தொடர்பில்லாத ஒருவரிடம் ஒப்படைப்பது நலம்.

நம் மருத்துவமனைகளில் இன்னொரு சிக்கல் தவறாமல் வரும். “அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரியாது, சொல்லிவிடாதீர்கள்” என்று குடும்பத்தார் கேட்டுக்கொள்வார்கள். தகவல் தாளின் தலைப்பிலேயே நோயின் பெயர் அச்சாகியிருந்தால், நோயைத் தெரிவிக்கும் வேலையை ஒரு காகிதம் செய்துவிடும். நோயாளிகளையும் சேர்க்கும் ஆய்வானால், தம் நோயை அறிந்தவர்களை மட்டுமே சேர்ப்பது என்று தகுதி விதியில் எழுதலாம். ஆனால் அப்படிச் செய்தால், நோயை மறைத்துக்கொண்டு பராமரிப்பவர்கள் ஆய்வுக்கு வெளியே நின்றுவிடுவார்கள்; மிகுந்த பாரம் சுமப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே என்பது என் கருத்து. அவர்களையும் சேர்க்க விரும்புபவர், பராமரிப்பவரை மட்டும் தனி அறையில் பேட்டி காணும் முறையை வகுத்து, எந்தத் தாளும் நோயாளியின் கட்டில் அருகே போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளவுகோல்கள்

இத்துறையில் மிகுதியும் பயன்படும் ஜாரிட் சுமை அளவுகோலில் 22 வினாக்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 88. ஆயினும் அதன் மூல வடிவம் மறதிநோய் கண்ட முதியவர்களைப் பராமரிப்பவர்களுக்காக 1980-இல் உருவானது. குறுகிய காலத்தில் நிலைமை மாறிமாறி வரும் புற்றுநோய்க்கு முழுமையாகப் பொருந்தாது. சார்லஸ் கிவன், பார்பரா கிவன் என்ற அமெரிக்க ஆய்வாளர்களும் அவர்களுடைய குழுவினரும் 1992-இல் வெளியிட்ட பராமரிப்பவர் எதிர்வினை அளவுகோலில் 24 வினாக்கள் உண்டு. பணம், அன்றாட ஒழுங்கு, உடல்நலம், உறவினரின் ஒத்துழைப்பு ஆகியவற்றோடு, பராமரிப்பதில் கிடைக்கும் மனநிறைவையும் அது கேட்கிறது. சுமையை மட்டும் கேட்டால், “என் கணவருக்குச் செய்வதைச் சுமை என்று சொல்வேனா?” என்று திருப்பிக் கேட்கும் பெண்கள் நம்மிடையே பலர், நிறைவையும் கேட்கும் அளவுகோலுக்கு அவர்கள் மனம்விட்டுப் பதில் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தாலும் உரிமையாளரின் அனுமதியைப் பெற்று, ஏற்கெனவே தமிழாக்கம் இருக்கிறதா என்று விசாரித்து, இல்லையென்றால் தமிழாக்கி, வேறொருவரைக் கொண்டு மறுபடி மூலமொழிக்கு மாற்றி ஒப்பிட்டு, சிலரிடம் வாசித்துக் காட்டிப் புரிகிறதா என்று பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வினாக்களை வாசித்துக் காட்டுவதாக இருந்தால், எல்லோருக்கும் அவ்வாறே வாசிக்க வேண்டும்.

ஆதரவுத் திட்டத்தை வகுத்தல்

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய தேவை இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகச் செவிலியப் பேராசிரியர் லாரல் நார்த்தவுஸ் உருவாக்கிய ஃபோகஸ் திட்டத்தில், நோயாளியும் துணைவரும் சேர்ந்தே செவிலியரைச் சந்திக்கிறார்கள். குடும்ப ஈடுபாடு, நம்பிக்கை, சமாளிக்கும் திறன், நிச்சயமின்மையைக் குறைத்தல், அறிகுறிகளைக் கையாளுதல் ஆகிய ஐந்தும் பேசப்படுகின்றன. புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடையே இதைச் சோதித்து 2007-இல் வெளியான ஆய்வில், நோயாளிகளைவிட மனைவியரே அதிகப் பயனடைந்தனர். நார்த்தவுஸே தம் குழுவினருடன் 29 சோதனைகளைத் தொகுத்து 2010-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், பராமரிப்பவரின் சுமை குறைவதும் சமாளிக்கும் திறன் கூடுவதும் தெரிந்தன. ஆனால் விளைவின் அளவு சிறிதாகவோ நடுத்தரமாகவோதான் இருந்தது. மேரி பாக்கிடாஸ் என்ற செவிலிய ஆய்வாளரின் எனேபிள் திட்டம், தொலைபேசி வழியாகவே செவிலியர் ஆதரவளிக்கலாம் என்று காட்டியது. 2015-இல் வெளியான அதன் மூன்றாம் ஆய்வில், தொடக்கத்திலேயே ஆதரவு பெற்ற பராமரிப்பவர்களிடம், மூன்று மாதம் தாமதமாகப் பெற்றவர்களைவிட மனச்சோர்வு குறைந்திருந்தது. கடைசி நாள்களில் மட்டும் நினைவுக்கு வரும் ஆறுதல் வேலையாக இதைக் கருதுபவர்கள் கவனிக்க வேண்டிய முடிவு இது.

நம் எடுத்துக்காட்டுக்கு இப்படி அமைக்கலாம். முதல் வாரத்தில் நேரில் ஒரு சந்திப்பு. அதில் செவிலியர் செய்து காட்டுவதோடு நிற்காமல், குழாயில் உணவு செலுத்துவதைப் பராமரிப்பவரைக் கொண்டே செய்யவைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாம், ஐந்தாம் வாரங்களிலும் சிகிச்சை முடிந்த அடுத்த வாரத்திலும் தொலைபேசி அழைப்புகள். ஒவ்வோர் அழைப்பிலும் நோயாளியைப் பற்றிக் கேட்பதற்கு முன், “நீங்கள் நேற்று இரவு தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா?” என்று பராமரிப்பவரைக் கேட்பது கட்டாயம் என்று கையேட்டில் எழுதிவையுங்கள், எழுதாவிட்டால் பழக்கத்தினால் அந்தக் கேள்வி விடுபட்டுப்போகும். கைபேசி யாருடையது, எந்த நேரத்தில் அவர் தனியாகப் பேச முடியும் என்பதை முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பேச்சின்போது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வெளிப்பட்டால் யாரிடம் அனுப்புவது என்பதும் கையேட்டில் இருக்க வேண்டும்; மருத்துவமனையின் மனநலப் பிரிவோடு, அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கதிர்வீச்சு அறையின் வாசலில் நாள்தோறும் ஒன்றாகக் காத்திருப்பவர்கள் தமக்குச் சொல்லப்பட்டதைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். சொல்ல வேண்டாம் என்று தடுப்பதும் அழகல்ல. ஆகவே ஒரே மாதத்தில் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தால் ஒப்பீட்டுக் குழுவுக்கும் செய்தி கசிந்துவிடும். முதலில் வழக்கமான கவனிப்பு பெறுபவர்களின் தரவை முடித்துக்கொண்டு, பிறகு ஆதரவுத் திட்டத்தைத் தொடங்கலாம். அல்லது இரு மையங்களில் நடத்தலாம். இரண்டிலும் குறை உண்டு. எந்தக் குறையை ஏற்றோம், ஏன் ஏற்றோம் என்று அறிக்கையில் எழுதினால் போதும். ஒரே குடும்பத்து இருவரின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால், அவற்றைத் தனித்தனி நபர்களாக எண்ணிக் கணக்கிடக்கூடாது என்பதைப் புள்ளியியலாளரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஆய்வுக் காலத்தில் சிலர் இறந்துபோவார்கள். ஒவ்வோர் அழைப்புக்கு முன்பும் வார்டுப் பதிவேட்டைப் பார்த்துவிட்டே எண்ணை அழுத்த வேண்டும். துக்க வீட்டுக்குப் போன் செய்து, நோயாளியின் எடை என்ன என்று கேட்கும் நிலை வரக்கூடாது. இறப்புக்குப் பின் பராமரிப்பவரிடம் ஒருமுறை பேசுவதா, யார் பேசுவது, வினாத்தாளை நிறுத்திவிடுவதா என்பவற்றை நெறிமுறைக் குழு விண்ணப்பத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும். பாதியில் விலகியவர்களையும் இறந்தவர்களையும் காரணத்தோடு தனித்தனியே கணக்குக் காட்ட வேண்டும். மிகுந்த சிரமத்தில் இருந்தவர்களே விலகியிருந்தால், மீதமுள்ளவர்களின் சராசரி நம்மை ஏமாற்றும்.

ஆய்வு முடிந்ததும், ஒப்பீட்டுக் குழுவினருக்கும் கையேட்டைக் கொடுத்துவிட்டு, முடிவுகளை இரண்டு பக்கத்துக்குள் தமிழில் எழுதி, கதிர்வீச்சுப் பிரிவின் செவிலியர் கண்காணிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். எத்தனை அழைப்புகள் செய்தோம், ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் நீடித்தது, அதைப் பணிநேரத்துக்குள் யார் செய்ய முடியும் என்பவையும் அதில் இடம்பெற வேண்டும்.