மழை பொய்க்கும் ஆண்டை முன்வைத்துப் பேசுங்கள்: அண்டை அரசுகளுடன் ஆற்றுநீர்ப் பேச்சுவார்த்தை நடத்தும் முறை

புதிய அணைக்கோ பாசனத் திட்டத்துக்கோ நீர் வேண்டி அண்டை அரசுடன் பேச உட்காருபவர்கள், "எங்கள் பங்கு எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மழை பொய்த்த ஆண்டில் யாருக்கு எவ்வளவு குறையும் என்பதே அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி. ஒப்பந்தம் முறிவது பெரும்பாலும் அந்த ஆண்டில்தான்.

ஆகவே, நீர்வரத்துக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்ள 1922-இல் உடன்படிக்கை எழுதியபோது, வழக்கத்துக்கு மீறி நீர் வந்த ஆண்டுகளின் பதிவுகளை நம்பி, மேல் படுகைக்கும் கீழ் படுகைக்கும் ஆண்டுக்குத் தலா 75 லட்சம் ஏக்கர்-அடி (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர்-அடி) என நிலையான அளவை ஒதுக்கிவிட்டார்கள். ஆற்றின் உண்மையான வரத்து அதற்கு ஈடுகொடுக்காததால் அந்த மாநிலங்கள் இன்றும் திண்டாடுகின்றன. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் கணக்கில் கொண்ட 740 டி.எம்.சி. என்பது 50 சதவீத நம்பகத்தன்மை கொண்ட அளவு. அதாவது, ஏறக்குறைய இரண்டில் ஓர் ஆண்டு வரத்து அதை எட்டாது. எனவே 75 சதவீத, 90 சதவீத நம்பகத்தன்மையில் எவ்வளவு நீர் கிடைக்கும் என்பதையும் கேட்டு வாங்குங்கள். தலைவர்கள் சந்திப்பதற்கு முன்பே இரு தரப்புப் பொறியாளர்களும் ஒரே புள்ளிவிவரத் தொகுப்பை ஏற்றுக் கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

அடுத்தது பங்கீட்டு விதி. இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். இந்தியாவும் வங்கதேசமும் 1996-இல் செய்துகொண்ட கங்கை நீர் ஒப்பந்தம் ஜனவரி முதல் மே வரையிலான வறண்ட காலத்தைப் பத்துப் பத்து நாட்களாகப் பிரித்து, மேற்கு வங்கத்தின் ஃபராக்கா தடுப்பணைக்கு வரும் நீரைப் பொறுத்துப் பங்கை மாற்றுகிறது. வரத்து விநாடிக்கு 70,000 கன அடி அல்லது அதற்குக் கீழே இருந்தால் சரிபாதி. 75,000 வரை வங்கதேசத்துக்கு 35,000 கன அடி, மீதி இந்தியாவுக்கு. அதற்கும் மேலே போனால் இந்தியாவுக்கு 40,000 கன அடி, மீதி வங்கதேசத்துக்கு. எங்கே அளப்பது, எத்தனை நாளைக்கு ஒருமுறை கணக்கு என்பதெல்லாம் எழுத்தில் இருப்பது இதன் பலம். ஆனால் வரத்து 50,000 கன அடிக்கும் கீழே போனால் இரு அரசுகளும் உடனே கலந்து பேச வேண்டும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. மிக மோசமான நாட்களுக்கான விதியைப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று விடுவது ஆபத்து என்பது என் உறுதியான கருத்து. வயல் காயும்போது எந்த அரசாலும் விட்டுக்கொடுத்துப் பேச முடியாது. காவிரியிலும் பற்றாக்குறை ஆண்டில் விகிதப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது தீர்ப்பில் இருந்தும், அதை மாதவாரியாகக் கணக்கிடுவதில்தான் சச்சரவு எழுகிறது.

நீரின் அளவை மட்டும் வைத்துப் பேசினால், ஒருவருக்குக் கூடுவது மற்றவருக்குக் குறைவதாகவே முடியும். மின்சாரம், வெள்ளத் தடுப்பு, படகுப் போக்குவரத்து ஆகியவற்றையும் பேச்சில் சேர்த்தால் கொடுக்கல் வாங்கலுக்கு இடம் உண்டாகும். 1961-இல் கையெழுத்தான கொலம்பியா ஆற்று ஒப்பந்தத்தின்படி கனடா தன் பகுதியில் மூன்று அணைகளைக் கட்டி நீரைத் தேக்கியது. அதனால் கீழே அமெரிக்க மின்நிலையங்களில் கூடுதலாகக் கிடைத்த மின் பயனில் பாதி கனடாவுக்கு உரியதாயிற்று. மாலி, மொரிட்டானியா, செனகல் ஆகிய நாடுகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, மாலியில் உள்ள மனந்தாலி அணையை மூவருக்கும் பொதுவான சொத்தாகவே கட்டின. செலவில் பங்கு வைத்திருப்பவர் மதகை ஒருதலையாக மூடத் துணிய மாட்டார்.

மேல்பகுதி அரசு தன் திட்ட வரைபடத்தையும் பாதிப்பு ஆய்வையும் வேலை தொடங்கும் முன்பே கீழ்ப்பகுதிக்குக் கொடுத்துவிட வேண்டும். 1997-ஆம் ஆண்டின் ஐ.நா. நீர்வழி உடன்படிக்கை பதில் சொல்ல ஆறு மாத அவகாசம் தருகிறது. அதில் சேராத அரசுகளும் இந்தக் காலக்கெடுவை மாதிரியாகக் கொள்ளலாம்.

கடைசியாக, ஒப்பந்தம் முடியும் நாளையும் பேசித் தீர்த்துவிடுங்கள். கங்கை ஒப்பந்தத்தின் காலம் 30 ஆண்டுகள். இத்தகைய காலவரம்பு வைக்கும்போது, மறுபேச்சு எந்த ஆண்டில் தொடங்க வேண்டும், புதிய உடன்பாடு வரும்வரை எந்தப் பங்கீடு நடப்பில் இருக்கும் என்ற இரண்டையும் அதே ஆவணத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.