சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால்
சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது டேஷ்போர்டில் எண்ணெய்க் குவளை சொட்டுவது மாதிரியான படம் சிவப்பாக எரிந்தால், அடுத்த எக்சிட் வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இடதுபக்க ஓரத்துக்கு வந்து எஞ்சினை அணையுங்கள். விரைவுச்சாலைகளைக் கண்காணிக்கும் ஈமாஸ் அமைப்பின் இழுவை வண்டி பக்கத்தில் ஒரு கார்பார்க்குக்கு இலவசமாகவே இழுத்துப் போகும். அங்கே 10 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (எஞ்சின் எண்ணெய் அளவு காட்டும் கம்பியை) உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே என்றால் எண்ணெய் ஊற்ற வேண்டும். அளவு சரிதானே என்று கிளம்பிவிடாதீர்கள், அந்த விளக்கு காட்டுவது எண்ணெயின் அளவை அல்ல, அழுத்தத்தை. அழுத்தத்தை உணரும் சுவிட்ச் கெட்டிருக்கலாம், எண்ணெய் பம்ப்பும் போயிருக்கலாம். மெக்கானிக் அழுத்தமானி (கேஜ்) மாட்டி அளக்கும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். அப்புறம், பெரும்பாலான கார்களில் சாவியைத் திருப்பியதும் இது எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணையும். எரியவே இல்லையென்றால் முதலில் அதைச் சரிபாருங்கள்.