பாஸ் மீனுக்குத் தூண்டில்: பிடிக்கவும் பிழைக்க விடவும் ஒரு செய்முறை

பாஸ் மீன் பிடிக்கப் புதிதாக இறங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, எந்த லூர், அதாவது செயற்கை இரை, வாங்கலாம் என்பதைத்தான். அதற்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: பிடித்த மீனை என்ன செய்யப் போகிறீர்கள்? பாஸ் பிடிப்பவர்களில் பெரும்பாலானோர் மீனைத் தண்ணீருக்கே திருப்பி அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் ரே ஸ்காட் 1972இல் தாம் நடத்திய பாஸ் போட்டிகளில் இந்த வழக்கத்தைப் புகுத்தினார். அங்கிருந்து அது பரவியது. ஆனால் விட்ட மீன் எல்லாம் பிழைப்பதில்லை. நன்றாக நீந்திப் போன மீன் மறுநாள் செத்து மிதப்பதும் உண்டு. அது பிழைக்குமா என்பதில் பாதி, தூண்டில் கயிறான நரம்பையும் முள்ளையும் நீங்கள் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அதனால் மீன் பாதுகாப்பைக் கடைசியில் ஒரு பத்தியாக ஒட்டாமல், கருவி, முடிச்சு, வீச்சு எல்லாவற்றோடும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் படி: எந்த மீன் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தொடங்குகிறவர்கள் அறிய வேண்டியவை இரண்டு இனங்கள்: பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ். இரண்டும் வட அமெரிக்காவின் நன்னீர் மீன்கள். வாயை மூடிய நிலையில் மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெருவாய். கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் சிறுவாய். பெருவாயின் விலாவில் தலையிலிருந்து வால்வரை கருமையான பட்டை ஓடும். சிறுவாய்க்கு வெண்கல நிறம், குறுக்குக் கோடுகள், பல நேரம் சிவந்த கண். பெருவாய்க்குப் பிடித்தது வெதுவெதுப்பான, செடிகள் அடர்ந்த, அசையாத தண்ணீர். சிறுவாய் குளிர்ந்த தெளிந்த நீரையும் பாறையையும் ஓட்டத்தையும் தேடும்.

இரண்டுமே மறைந்திருந்து பாய்ந்து கவ்வுபவை. கண்ணை மட்டும் நம்பி வேட்டையாடுவதில்லை. உடலின் பக்கக்கோட்டு உணர்வு உறுப்பு தண்ணீரின் சிறு அதிர்வையும் பிடித்துவிடும். கலங்கல் நீரில் அதிரும் லூர் எடுபடுவதும், படகில் காலைத் தட்டினால் மீன் ஒதுங்குவதும் இதனால்தான்.

இரண்டாம் படி: கருவிகள்

ஒரே ஒரு தூண்டில் கோல் போதும். ஆறரை முதல் ஏழடி நீளம், ‘மீடியம்’ வலு, ‘ஃபாஸ்ட்’ வளைவு என்று கோலிலேயே அச்சிட்டிருக்கும். ஃபாஸ்ட் என்றால் நுனி மட்டும் வளையும், நடுப்பகுதி விறைப்பாக நிற்கும். கவ்வுவது கையில் உடனே தெரியும். அதற்கு 2500 அல்லது 3000 அளவு ஸ்பின்னிங் ரீல் (நரம்பைச் சுற்றி வைக்கும் சுருள்). பெய்ட்காஸ்டிங் ரீலைப் பார்த்து மயங்க வேண்டாம். கட்டைவிரலால் சுருளைச் சரியான நேரத்தில் அழுத்தப் பழகாதவர் கையில் அது ஒவ்வொரு வீச்சிலும் நரம்பைச் சிக்கலாக்கும். மீன் பிடிக்க வந்தவர் கரையில் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருப்பார்.

நரம்புக்கு 10 பவுண்டு இழுப்பைத் தாங்கும் நைலான் எடுங்கள். விலை குறைவு, முடிச்சு நன்றாக நிற்கும், கொஞ்சம் நீண்டு கொடுப்பதால் பதற்றத்தில் செய்யும் தவறுகளையும் தாங்கும். பழகியபின் 15 பவுண்டு பின்னல் நரம்போடு ஃபுளோரோகார்பன் முன்நரம்பைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். மெல்லிய நரம்பில் பெரிய மீனைப் பிடிப்பதைச் சிலர் வீரமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நரம்பு மெலிய மெலியப் போராட்டம் நீளும்; நீளும் ஒவ்வொரு நிமிடமும் மீனின் தசையில் லாக்டிக் அமிலம் ஏறும். களைத்து வரும் மீனை என்ன கவனத்தோடு விட்டாலும் அது தேறுவது கடினம்.

லூர்களில் மூன்று வகை போதும்: மென்பிளாஸ்டிக் புழு, சுழலும் தகடு கொண்ட ஸ்பின்னர்பெய்ட், மேற்பரப்பில் மிதக்கும் ஒன்று. புழுவுக்கு 3/0 அளவு ஆஃப்செட் முள் (காதருகே மடங்கியது), 5 முதல் 7 கிராம் எடையில் தோட்டா வடிவக் குண்டு. குண்டு ஈயமாக இருக்க வேண்டாம், டங்ஸ்டன் வாங்குங்கள். அறுந்து விழுந்த சிறிய ஈயக்குண்டுகளைக் கூழாங்கல்லோடு சேர்த்து விழுங்கி லூன் என்ற நீர்ப்பறவைகள் நஞ்சேறிச் சாவதால், அமெரிக்காவின் மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்கள் அவற்றுக்குத் தடை விதித்திருக்கின்றன. டங்ஸ்டன் விலை அதிகம்தான். ஆனால் ஈயத்தைவிட அடர்த்தி மிகுந்தது. அதே எடைக்குக் குண்டு சிறியது, அடியில் இருப்பது கல்லா சேறா என்பதைக் கைக்குத் தெளிவாகச் சொல்லும்.

இவற்றோடு நீண்ட மூக்குக் குறடு, நரம்பு வெட்டி, ரப்பர் பூசிய வலை. முரட்டு நைலான் வலை மீனின் மேலிருக்கும் வழவழப்பைச் சுரண்டிவிடும். நோய்க்கிருமிகளுக்கு எதிரான முதல் அரண் அதுதான். கடைசியாக, முள் கழலாமல் தடுக்கும் சிறு எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கித் தட்டையாக்குங்கள். நரம்பைத் தொய்ய விடாமல் வைத்திருந்தால் மீன் தப்புவது அபூர்வம். முள் உங்கள் விரலில் ஏறினாலும் எளிதாக வரும் என்பது கூடுதல் வசதி.

மூன்றாம் படி: முடிச்சும் புழுவும்

பாலோமர் முடிச்சு ஒன்று தெரிந்தால் போதும். நரம்பின் நுனியை ஒரு சாண் நீளம் மடித்து, மடிப்பை முள்ளின் காதுக்குள் நுழைத்து வெளியே இழுங்கள். மடித்த இரட்டை நரம்பால் தளர்வாகச் சாதாரண முடிச்சு ஒன்று போடுங்கள். முள் அதன் நடுவில் தொங்கட்டும். இப்போது மடிப்பின் வளையத்தை முள்ளின் மேலாக முழுவதும் தாண்டிவிடுங்கள். எச்சிலாலோ தண்ணீராலோ நனைத்து, இரண்டு நுனிகளையும் சேர்த்து மெல்ல இறுக்குங்கள். உலர்ந்த நரம்பை இறுக்கினால் உராய்வின் சூட்டில் நைலான் வலுவிழக்கும். பெரிய மீன் முடிச்சில் அறுத்துக்கொண்டு போவதற்கு இதுவே அடிக்கடி காரணம். வாயில் முள்ளோடு அந்த மீன் அலையும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புழுவைக் கோப்பதற்கு டெக்சஸ் ரிக் என்ற முறையைப் பயிலுங்கள். முள்ளைக் கட்டும் முன்பே குண்டை நரம்பில் கோத்துவிட வேண்டும், கூர்முனை கோலின் பக்கம் இருக்கட்டும். முள்ளின் முனையைப் புழுவின் தலை உச்சியில் குத்தி, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக உள்ளே செலுத்திப் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். தலை முள்ளின் காதுவரை ஏறும்படி இழுத்து, முள்ளை அரைச்சுற்றுத் திருப்புங்கள். அடுத்து, முள்ளைப் புழுவின் மேல் படுக்கவைத்து வளைவு எங்கே வருகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் குத்தி மறுபக்கம் எடுத்து, முனையை மட்டும் புழுவின் தோலில் லேசாகப் புதைத்துவிடுங்கள். தூக்கிப் பிடித்தால் புழு நேராகத் தொங்க வேண்டும். கோணலாக நின்றால் கழற்றி மறுபடி கோத்துவிடுங்கள். கோணல் புழு சுழன்று நரம்பை முறுக்கும். முனை மறைந்திருப்பதால் இதைச் செடிகளுக்குள்ளும் விழுந்த மரங்களுக்குள்ளும் பயமின்றி வீசலாம்.

ரீலின் டிராக்கையும் இப்போதே சரிபார்க்க வேண்டும். சுருள் நரம்பை விட்டுக்கொடுக்கும் இழுவிசை, நரம்பின் தாங்குதிறனில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை இருக்கலாம். 10 பவுண்டு நரம்புக்குச் சுமார் 3 பவுண்டு.

நான்காம் படி: எங்கே, எப்போது

திறந்த நீரின் நடுவில் வீசிக்கொண்டிருப்பது வீண். செடிக்கூட்டத்தின் ஓரம், சாய்ந்து கிடக்கும் மரம், படகுத்துறையின் நிழல், ஆழமற்ற தரை சட்டென்று இறங்கும் விளிம்பு என்று ஏதாவது ஒன்று மாறும் இடமாகப் பாருங்கள். இரண்டு மாற்றங்கள் சந்திக்கும் மூலை இன்னும் நல்லது. கோடையில் விடியலும் அந்தியும் கரையோரம். நடுப்பகலில் நிழலும் ஆழமும். இலையுதிர் காலத்தில் பொடிமீன் கூட்டம் போகும் இடத்துக்கு பாஸும் போகும். பத்து டிகிரி செல்சியசுக்குக் கீழே நீர் குளிர்ந்துவிட்டால் லூரைப் பொறுமை சோதிக்கும் அளவுக்கு மெதுவாக நகர்த்த வேண்டும்.

வசந்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீர் 15 டிகிரியைத் தாண்டி வெதுவெதுப்பாகும்போது ஆண் மீன் கரையோர மணலை வாலால் பெருக்கி வட்டமாகக் குழி பறிக்கும். பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டைகளுக்கு வாலால் நீர் விசிறி, குஞ்சுகள் வெளிவந்த பின்னும் காவல் நிற்பது ஆண்தான். அந்த நேரத்தில் அது கூட்டுக்கு அருகே வரும் எதையும் பசியில்லாமலே கவ்வும். பிடிப்பது மிகச் சுலபம். ஆனால் அதை நீங்கள் கரையில் படம் எடுத்துக்கொண்டிருக்கும் சில நிமிடங்களில் புளூகில் போன்ற சிறு மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும். மீனைத் திருப்பி விட்டாலும் கூடு காலி. தெளிந்த நீரில் வெளிறிய வட்டமும் அதன் மேல் நகராமல் நிற்கும் மீனும் தெரிந்தால் நான் வேறு பக்கம் வீசுவேன். சட்டம் அனுமதிக்கும் இடங்களிலும் என் வழக்கம் அதுதான்.

ஐந்தாம் படி: வீச்சு, கவ்வல், கொளுவல்

லூர் தண்ணீரில் விழுந்ததும் ரீலின் வளையக் கம்பியைக் கையாலேயே மூடுங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடினால் நரம்பு முறுக்கேறித் தளர்ந்த வளையங்கள் விழும். புழு தானாக அடிக்கு இறங்கட்டும். நரம்பை இறுக்கிப் பிடிக்க வேண்டாம், அறவே தொய்யவும் விட வேண்டாம். கண் நரம்பின் மேல் இருக்கட்டும், ஏனென்றால் நிறைய மீன்கள் இரை இறங்கும்போதே எடுத்துவிடும். அடியில் தங்கியபின் கோலின் நுனியை மெல்ல உயர்த்துங்கள், தாழ்த்துங்கள், தொய்வைச் சுற்றி எடுங்கள். மறுபடி உயர்த்துங்கள். பெரும்பாலான புதியவர்கள் இதை மூன்று மடங்கு வேகத்தில் செய்கிறார்கள்.

கவ்வல் எப்போதும் பலத்த இழுப்பாக வராது. கோலில் ஒரு ‘டிக்’, அல்லது நரம்பு பக்கவாட்டில் நகர்வது, அல்லது எடை இல்லாமல் போவது. சந்தேகம் வந்தாலே செயல்படுங்கள்: கோலைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி, மேல்நோக்கி வலுவாக வீசி இழுங்கள். முனை புழுவைக் கிழித்துக்கொண்டு தாடையில் ஏற வேண்டுமே. நன்றாக விழுங்கட்டும் என்று காத்திருப்பது மிக மோசமான பழக்கம். உதட்டில் ஏறிய முள் சிறு காயம். தொண்டையிலோ செவுளிலோ ஏறினால் மீன் பிழைக்கும் வாய்ப்பு சரிந்துவிடும். மும்முள் கொண்ட லூர்களுக்கு இந்த வேகம் வேண்டாம், கோலைப் பக்கவாட்டில் சாய்த்துச் சுற்றிக்கொண்டே இருந்தால் போதும்.

மீன் துள்ளும்போது நுனியைத் தாழ்த்துங்கள், தலையை உலுக்கி முள்ளை எறியப் பார்க்கும். மற்ற நேரம் கோல் வளைந்தே இருக்கட்டும்.

ஆறாம் படி: கையில் எடுத்து விடுவது

மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். குறடு எட்டும் தூரத்தில் இருக்கட்டும், கேமராவும் தயாராக இருக்கட்டும். மீனை வைத்துக்கொண்டு பையைத் துழாவக் கூடாது. கட்டைவிரலை வாய்க்குள் விட்டுக் கீழ்த்தாடையைப் பிடிக்கலாம். பற்கள் உப்புத்தாளைப் போல உரசும், வெட்டாது. தாடையில் பிடித்துத் தூக்கினால் மீன் செங்குத்தாகத் தொங்க வேண்டும். கிடைமட்டமாக்க விரும்பினால் மறு கையை வயிற்றுக்குக் கீழே கொடுங்கள். படத்தில் பெரிதாகத் தெரியட்டும் என்று தாடையை நெம்பி உடலைச் சாய்த்தால், முழு எடையும் தாடை மூட்டில் விழுந்து கிழியும். பிறகு இரை பிடிக்க முடியாமல் மீன் பட்டினியில் சாகும்.

முள்ளை நுழைந்த வழியிலேயே பின்னோக்கி எடுங்கள். ஆழமாக விழுங்கியிருந்தால் பிடுங்காமல் நரம்பை முடிந்தவரை ஒட்ட வெட்டுங்கள். துருப்பிடிக்காத எஃகு முள் வாங்காமல் இருப்பது இதற்காகத்தான்: உள்ளே தங்கிய முள் துருவேறிப் போகட்டும். மீனைத் தூக்கும்போது நீங்களும் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும்போது அதற்கும் முட்டுகிறது. விடும்போது நீரில் நிமிர்த்திப் பிடித்து, தானாக உதறிப் போகும்வரை காத்திருங்கள். கடுங்கோடையில் நீர் 27 டிகிரிக்கு மேல் சூடேறினால் அதில் ஆக்சிஜன் குறையும்; அந்த நாட்களில் விடியலோடு முடித்துக்கொள்வது நல்லது. பத்து மீட்டர் ஆழத்திலிருந்து இழுத்த மீனின் காற்றுப்பை விரிந்து, அது மிதந்தே கிடக்கும். ஊசியால் காற்றெடுக்கும் முறை புதியவர்களுக்கு அல்ல. ஆழத்தில் மீன் பிடிப்பதையே தவிர்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: விடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்

எல்லா இடத்திலும் திருப்பி விடுவது பாதுகாப்பு ஆகாது. பெருவாய் பாஸின் உலக சாதனை எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ். 1932இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த அந்த மீனுக்கு இணையானதை 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்தார். அதே பிவா ஏரியில், பிடித்த பாஸைத் திருப்பி விடுவது ஷிகா மாகாண விதிப்படி கூடாது. அங்கே அது வெளியிலிருந்து வந்த மீன். ஏரிக்கே உரிய மீன்களைத் தின்று தீர்க்கிறது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலிலும் பெருவாய் பாஸ் இருக்கிறது. எனவே உரிமம் வாங்கும்போதே அந்த நீர்நிலையின் விதிகளைப் படியுங்கள்: பருவம், எண்ணிக்கை, நீள வரம்பு. ஒரு நீர்நிலையின் பாஸை உயிரோடு இன்னொன்றுக்குக் கொண்டுபோய் விடவே கூடாது.

சொந்த நாட்டு நீரிலும் எல்லாவற்றையும் விட வேண்டும் என்பதில்லை. சிறிய குட்டைகளில் குட்டி பாஸ் மலிந்து, இரை போதாமல் எல்லாமே மெலிந்து நிற்பதுண்டு. விதி அனுமதித்தால் அங்கே சிறியவற்றைச் சமைக்க எடுப்பது மற்றவைக்கு நல்லது. பெரியவற்றை விட்டுவிடுங்கள், குளிர்ப் பகுதி ஏரிகளில் ஒரு பாஸ் இரண்டு கிலோவை எட்டப் பத்து ஆண்டுகள்கூட ஆகும்.

கிளம்பும் முன் கிழிந்த புழுக்களையும் வெட்டிய நரம்பையும் பொறுக்கிப் பையில் போடுங்கள். மென்பிளாஸ்டிக்கை விழுங்கும் மீனின் வயிற்றில் அது செரிக்காமல் ஊதிக் கிடக்கும். படகு, வலை, காலணி எல்லாவற்றிலும் ஒட்டிய செடிகளை அகற்றி, தேங்கிய நீரை வடித்து, அடுத்த நீர்நிலைக்குப் போகும் முன் நன்றாகக் காயவைத்துவிடுங்கள். ஊடுருவல் உயிரினமான வரிக்குதிரைச் சிப்பியின் இளம் பருவம் கண்ணுக்குத் தெரியாது. ஈரத்தில் ஒட்டிக்கொண்டுதான் ஏரி விட்டு ஏரி போகிறது.