டுவாட்டாராவையும் ஓணானையும் பிரிச்சு அடையாளம் கண்டுபிடிக்கிறது எப்படி?

நியூசிலாந்துல மட்டும் இருக்குற டுவாட்டாராங்கிற ஊர்வன பிராணியோட போட்டோவ முதல் தடவை பாக்குற யாரா இருந்தாலும் ஓணான்னுதான் சொல்வாங்க, முதுகுல முள்ளு, சொரசொரப்பான தோலு, நீள வாலுன்னு எல்லாமே அப்படியே இருக்கும். 1831ல விலங்கியல் நிபுணர் ஜான் எட்வர்ட் கிரேயே மண்டை ஓட்ட மட்டும் வச்சு இத ஓணான் குடும்பத்துலதான் சேத்தாரு. 1867ல ஆல்பர்ட் குந்தர்னு இன்னொரு விலங்கியல் நிபுணர் எலும்பையெல்லாம் நல்லா ஆராய்ஞ்சு பாத்த பிறகுதான் இது ஓணானெல்லாம் சேந்த பல்லி இனமே இல்ல, தனி வம்சம்னு தெரிஞ்சுது. ரெண்டு வம்சமும் பிரிஞ்சு கிட்டத்தட்ட 25 கோடி வருஷம் ஆச்சு, டுவாட்டாரா வம்சத்துல இன்னிக்கு உயிரோட மிச்சம் இருக்குறது இது ஒண்ணுதான்.

முதல்ல காதப் பாருங்க. ஓணானுக்குக் கண்ணுக்குப் பின்னாடி வட்டமா செவிப்பறை தெரியும், டுவாட்டாராவுக்கு அந்த இடத்துல வெறும் தோலுதான். ஆனா பச்சோந்திக்கும் வெளிய காது கிடையாது, அதனால இத மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க.

அடுத்தது பல்லு, என்னைக் கேட்டா இதுதான் உறுதியான அடையாளம். டுவாட்டாராவுக்கு மேல ரெண்டு வரிசை, கீழ ஒரு வரிசை, வாய மூடும்போது கீழ்வரிசை மேல இருக்குற ரெண்டுக்கும் நடுவுல போய் உக்காந்து, அப்புறம் கீழ்த்தாடை முன்னாடி நகந்து ரம்பம் மாதிரி அறுக்கும், இந்த அமைப்பு எந்தப் பல்லிக்கும் இல்ல. பல்லு எலும்போட ஒட்டியே இருக்கும், தேஞ்சா புதுசா முளைக்காது, அதனால வயசானதுங்க புழு மாதிரி மெதுவான இரையாப் பாத்துத் தின்னும். ஒட்டியிருக்குற பல்லு ஓணானுக்கும் உண்டு, அதனால வரிசையத்தான் எண்ணணும்.

மண்டை ஓடு கையில கிடைச்சா வேலை இன்னும் சுலபம். டுவாட்டாராவுக்குக் கண்குழிக்குப் பின்னாடி ஒவ்வொரு பக்கமும் ரெண்டு ஓட்டை, கீழ் ஓட்டைக்கு அடியில முழுசா ஒரு எலும்புப் பாலம் இருக்கும். இப்ப உயிரோட இருக்குற பல்லிங்களுக்கு அந்தப் பாலம் கிடையாது.

வாலு அறுந்து மறுபடி வளர்றது, நெத்தியில மூணாவது கண்ணு, இது ரெண்டையும் அடையாளமா எடுத்துக்காதீங்க. நெறைய பேரு மூணாவது கண்ண வச்சுத்தான் சொல்றாங்க, ஆனா அது பல பல்லிங்களுக்கும் உண்டு, டுவாட்டாராவுக்கும் பொறந்த சில மாசத்துலயே அத செதில் மூடிடும்.

உயிரோட பாக்கணும்னா பெரும்பாலும் எலி இல்லாத சின்னத் தீவுங்களுக்குத்தான் போகணும், எலி வந்துதான் நியூசிலாந்தோட பெரிய தீவுங்கள்ல அழிஞ்சே போச்சு, பாவம். ஆனா வெலிங்டன்ல இருக்குற சீலாண்டியாங்கிற வனவிலங்கு சரணாலயத்துல 2005ல திரும்பக் கொண்டுவந்து விட்டாங்க, அங்க வேலிக்குள்ள வாழுது. வெயில் நாள்ல பொந்து வாசல்ல பாருங்க, பெருசுங்க குளிர் காய வெளிய வரும். குட்டிங்களையும் பகல்லதான் தேடணும், ராத்திரியில இரை தேடுற பெருசுங்க குட்டியையே தின்னுடும்ங்கிறதால அதுங்க பகல்லதான் நடமாடும்.