ஏடிஎச்டி இருக்குமோ என்ற ஐயம்: மருத்துவரிடம் போகும் முன் ஸ்கிரீனிங் செய்துகொள்ளும் முறை

தொடங்கிய வேலையை முடிக்காமல் விடுவதும், சொன்ன நாளை மறப்பதும், ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல் தவிப்பதும் சிறு வயதிலிருந்தே தொடர்ந்து வந்தால், ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மற்றும் மிகை இயக்கக் குறைபாடு காரணமாக இருக்குமோ என்ற ஐயம் எழுவது இயல்பு. எனக்கு அந்த ஐயம் 34 வயதில்தான் வந்தது. முதல்முறை மருத்துவரிடம் வெறுங்கையோடு போய், "ஒன்றிலும் கவனம் நிற்கவில்லை" என்று மட்டும் சொல்லி, பத்து நிமிடத்தில் சத்து மாத்திரைச் சீட்டோடு திரும்பினேன். இரண்டாம் முறை என்னென்ன ஆயத்தத்தோடு போனேனோ அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இது பெரியவர்களுக்கான வழி; குழந்தைகளைப் பற்றி இறுதியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் படி: வினாத்தாளை நிரப்புதல்

பெரியவர்களுக்குப் பரவலாகப் பயன்படுவது, உலக சுகாதார நிறுவனத்தின் பங்களிப்போடு உருவாக்கப்பட்டு 2005-இல் வெளியான ஏஎஸ்ஆர்எஸ் என்னும் வினாத்தாள். அதில் 18 கேள்விகள் உண்டு என்றாலும், முதல் 6 கேள்விகளே ஸ்கிரீனிங் எனப்படும் முதற்கட்டச் சோதனைக்கு உரியவை. கடினமான பகுதி முடிந்தபின் மீதமுள்ள சில்லறை வேலைகளை முடிக்கத் திணறுகிறீர்களா, ஒழுங்குபடுத்திச் செய்ய வேண்டியவற்றில் தடுமாறுகிறீர்களா, வாக்குக் கொடுத்த நாட்களை மறக்கிறீர்களா, யோசித்துச் செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப்போடுகிறீர்களா, நெடுநேரம் உட்காரும்போது கைகால்களை ஆட்டிக்கொண்டே இருக்கிறீர்களா, உள்ளே இயந்திரம் ஓடுவதுபோல எதையாவது செய்துகொண்டே இருக்கத் தோன்றுகிறதா என்பதே அவற்றின் சாரம். ஒவ்வொன்றுக்கும் ஒருபோதும் இல்லை, அரிதாக, சில நேரங்களில், அடிக்கடி, மிக அடிக்கடி என்னும் ஐந்தில் ஒன்றைக் குறிக்க வேண்டும்.

பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். "சில நேரங்களில்" எங்கே முடிகிறது, "அடிக்கடி" எங்கே தொடங்குகிறது என்பது நம் பேச்சில் தெளிவாக இல்லை. அன்றைய மனநிலைக்கேற்பக் கட்டம் மாறிவிடும். ஆகவே கட்டத்தில் குறியிடும் முன், கடந்த 6 மாதங்களில் உண்மையாக நடந்தவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். நான் எழுதியவற்றில் சில: சீட்டுப் பணம் கட்டும் தேதியை நான்கு மாதம் தவறவிட்டது, நாகர்கோவிலிலிருந்து வரும் பேருந்தில் தக்கலையில் இறங்க வேண்டியவள், யோசனையில் ஆழ்ந்து மார்த்தாண்டம் வரை போனது, அதுவும் மூன்று முறை, மின்கட்டணம் கட்டப் பணம் இருந்தும் கட்டாமல் ஃபியூஸைப் பிடுங்க ஆள் வந்தது. இப்படி எழுதிய பிறகு எந்தக் கட்டம் என்ற குழப்பம் எனக்குப் பெரும்பாலும் நீங்கிவிட்டது. நீங்கள் எந்த மொழியில் யோசிக்கிறீர்களோ அந்த மொழியில் கேள்வியைப் புரிந்துகொண்ட பிறகே குறியிடுங்கள்.

இரண்டாம் படி: கணக்கிடுதல்

முதல் மூன்று கேள்விகளில் "சில நேரங்களில்" அல்லது அதற்கு மேல் குறித்திருந்தால் அவ்விடை கணக்கில் சேரும். அடுத்த மூன்றில் "அடிக்கடி" அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டுமே சேரும். ஆறில் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுமையான பரிசோதனைக்குப் போவது நல்லது. ஸ்கிரீனிங் என்பது சல்லடை. நான்கு வந்ததாலேயே ஏடிஎச்டி உறுதியாகிவிடாது. நான்குக்குக் குறைந்தும் அன்றாட வாழ்க்கை தடம்புரள்கிறது என்றால், போகாமல் இருக்கவும் வேண்டாம்.

மூன்றாம் படி: சிறுவயதுச் சான்றுகளைத் திரட்டுதல்

இதுவே மிக முக்கியமான படி என்று நான் நம்புகிறேன். மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் கையேடான, 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 அளவுகோலின்படி, அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வீடு, பணியிடம் போன்ற இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சூழல்களில் அவை காணப்பட வேண்டும். சென்ற ஆண்டு வேலைச்சுமை கூடிய பிறகு வந்த மறதியை, பத்து வயதிலிருந்தே தொடரும் மறதியிலிருந்து மருத்துவர் பிரித்தறிய வேறு வழி குறைவு.

எங்கள் வீட்டுப் பரணில் இருந்த தகரப் பெட்டியில் என் ஐந்தாம் வகுப்பு ரேங்க் கார்டு கிடைத்தது. கரையான் அரித்த ஓரத்துக்கு மேலே, பச்சை மையில் வகுப்பாசிரியை எழுதியிருந்தார்: "நல்ல திறமை உண்டு. பராக்குப் பார்ப்பதைக் குறைக்க வேண்டும்." அடுத்த பருவத்திலும் அதே வரி, அதே கையெழுத்து. அதை அம்மாவிடம் காட்டியபோது, "நீ அப்பவே இப்பிடித்தான் மக்களே, வாரத்துக்கு ஒரு சோத்துப் பாத்திரத்தத் தொலைச்சிட்டு வருவ" என்றார். அந்தப் பேச்சையும் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டேன். பெற்றோரை அழைத்துச் செல்ல முடிந்தால் அழைத்துச் செல்லுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பல வீடுகளில் அப்பாவோ அண்ணனோ வளைகுடா நாட்டில் இருப்பார்கள். அவர்களிடம் உங்கள் பள்ளிப்பருவம் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வாங்கினாலும் உதவும். சேட்டை செய்யாத, அமைதியாகக் கனவில் இருந்த பெண் பிள்ளைகளை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்பதால், பெண்கள் இந்தப் படிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

நான்காம் படி: வேறு காரணங்களைப் பார்த்தல்

தைராய்டு கோளாறு, இரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு, பதற்றம், மதுப்பழக்கம் ஆகிய எல்லாமே கவனத்தைக் குலைக்கக்கூடியவை. அதிகாலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும் இரவுப் பணியில் இருப்பவர்களும் எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுகிறார்கள் என்பதை இரண்டு வாரம் குறித்து வைப்பது அவசியம். அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவு இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

ஐந்தாம் படி: மருத்துவரைப் பார்த்தல்

நோயை உறுதிசெய்ய வேண்டியவர் மனநல மருத்துவர். மருத்துவ உளவியலாளரின் மதிப்பீடு அதற்குத் துணைநிற்கும். ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு எடுத்துப் போகலாம். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்தவர்கள் பலர் திருவனந்தபுரம் செல்வதுண்டு. அப்படியானால், தமிழில் பேச இயலுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே போவது என்றே தெரியாவிட்டால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

நண்பருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். ஏடிஎச்டிக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. இதயக் கோளாறு இருக்கிறதா என்று விசாரித்து, இரத்த அழுத்தம் பார்த்த பிறகே மருத்துவர் அதைத் தருவார்.

குழந்தைகளுக்கு இந்த வினாத்தாள் பொருந்தாது. 6 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கு வான்டர்பில்ட் படிவம் உண்டு. பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று. அரசுப் பள்ளிகளுக்கு வரும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பார்க்க வேண்டியவற்றில் ஏடிஎச்டியும் அடங்கும் என்பதால், அவர்கள் வரும்போது வகுப்பாசிரியர் மூலம் தெரிவிக்கலாம். பார்வையையும் செவித்திறனையும் முதலில் சோதித்துவிடுங்கள்.

மருத்துவரிடம் பேசி முடித்ததும், மறுமுறை வர வேண்டிய தேதியைக் கேட்டு, அந்த நாற்காலியில் இருந்தபடியே கைபேசியில் அலாரம் வைத்துவிட்டு எழுந்திருங்கள். ரேங்க் கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் வேண்டும்.