நிக் பீலை இருட்டில் பாருங்கள்

'அலியாஸ் நிக் பீல்' 1949-இல் வந்த பாரமவுண்ட் படம். இயக்கம் ஜான் ஃபாரோ. சாத்தானோடு ஒப்பந்தம் போடும் கதை என்றதும் கொம்பையும் நெருப்பையும் எதிர்பார்த்து உட்காராதீர்கள். நான் முதல் தடவை பட்டப்பகலில், செல்போனையும் நோண்டிக்கொண்டே பார்த்தேன். மூடுபனியும் நிழலும் நிறைந்த படம் அது. வெறும் சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது. இன்னொரு நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் பிடிபட்டது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒன்றரை மணி நேரம்தான்.

தாமஸ் மிட்செல் நடிக்கும் ஜோசஃப் ஃபாஸ்டர் ஒரு நேர்மையான அரசு வழக்கறிஞர். ஒரு தாதாவை உள்ளே தள்ள முடிந்தால் ஆன்மாவையே தருவேன் என்று வாய்விட்டுவிடுகிறார். உடனே துறைமுகத்து மதுக்கடைக்கு அழைப்பு வருகிறது. அங்கே நிக் பீலாக ரே மிலண்ட், பளிச்சென்று கோட்டும் சூட்டுமாக. எரிந்து போனதாக நினைத்த, அந்தத் தாதாவை மாட்டிவிடக்கூடிய கணக்குப் புத்தகங்களை அவன் காட்டும்போது ஃபாஸ்டரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். நல்ல காரியத்துக்குத்தானே என்று மனசைத் தேற்றிக்கொள்கிறார் பாருங்கள், அவர் விழுவது அங்கேதான். பத்திரத்தில் கையெழுத்து போடுவதெல்லாம் ரொம்பப் பிறகு.

அப்புறம், பீல் வரும் விதம். மாயாஜாலம் கிடையாது. கேமரா சற்றே நகரும். இப்போதுதான் காலியாக இருந்த இடத்தில் அவன் நின்றுகொண்டிருப்பான். ஆகவே பேசுகிறவரை மட்டும் பார்க்காமல் திரையின் ஓரங்களிலும் ஒரு கண் வையுங்கள். யாரும் தன்னைத் தொடுவது அவனுக்குப் பிடிக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபாஸ்டரை மயக்க பீல் ஏவிவிடும் பெண் டோனா. ஆட்ரி டாட்டர் நடிக்கும் அவளுக்கு ஒரு காட்சி இருக்கிறது. ஃபாஸ்டர் வந்தால் என்ன சொல்வார், நீ என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பீல் அவளுக்கு ஒத்திகை நடத்துகிறான். பிறகு ஃபாஸ்டர் வந்து அதே வார்த்தைகளைச் சொல்கிறார். அவளுக்கு உதறல் எடுக்கிறது. நான் பார்த்த பேய்ப் படங்கள் எதுவும் என்னை இந்த அளவு கலக்கியதில்லை. முடிந்ததும் நிறுத்தி, ஒத்திகையிலிருந்து மறுபடி ஓடவிடுங்கள். வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிட்டுப் பார்த்தால் குளிரெடுக்கும்.

பாதிரியாராக வருபவர் ஜார்ஜ் மக்ரெடி. 1946-இன் 'கில்டா'வில் அவரை வில்லனாகப் பார்த்திருந்தால் முதலில் சந்தேகம் தட்டும். அதை ஒதுக்கி வையுங்கள். பீலின் முகத்தை எங்கேயோ பார்த்ததாக அவர்தான் சொல்வார். அதன் பிறகு இருவரும் ஒரே அறையில் இருக்கும் காட்சி எதையும் தவற விடாதீர்கள். முடிவை நான் சொல்லப் போவதில்லை.