வேதாகம வினாடி வினா நடத்தப் போகிறீர்களா?

கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் கிறிஸ்துமஸ் கூடுகையில் வினாடி வினா வைத்தால், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டண்ட் சபை) பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளைகளும் சேர்ந்தே உட்காருவார்கள். அங்கேதான் சிக்கல். "வேதாகமத்தில் எத்தனை புத்தகங்கள்?" என்றால் சி.எஸ்.ஐ. பிள்ளை 66 என்பார், கத்தோலிக்கப் பிள்ளை 73 என்பார். இரண்டும் சரிங்க! அதனால் எந்தப் பதிப்பு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரே புத்தகம்தான், சி.எஸ்.ஐ. பிள்ளைக்குச் சங்கீதம், கத்தோலிக்கப் பிள்ளைக்குத் திருப்பாடல்கள். எப்படிச் சொன்னாலும் மதிப்பெண் கொடுங்கள்.

கேள்விகளில் இரண்டு மூன்று 'பொறி' இருந்தால்தான் சுவாரசியம். இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் (ஞானிகள்) எத்தனை பேர்? கூட்டமே "மூன்று" என்று கத்தும். மத்தேயு 2ஆம் அதிகாரத்தில் எண்ணிக்கையே இல்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைதான் மூன்று. ஏதேனில் தின்றது ஆப்பிளா? பழத்துக்குப் பெயரே சொல்லவில்லை. யோனாவை விழுங்கியது திமிங்கலமா? "பெரிய மீன்" என்றுதான் இருக்கிறது. பேழையில் மோசே எத்தனை மிருகங்களை ஏற்றினார் என்று கேட்டுப் பாருங்கள், பெரியவர்களே விரல்விட்டு எண்ணுவார்கள். ஏற்றியது நோவா!

சின்னப் பிள்ளைகளுக்கு மெத்தூசலாவின் வயது (969) போதும்.

அப்புறம், ஒவ்வொரு விடைக்கும் அதிகார, வசன எண்ணைக் குறித்து வையுங்கள். பரிசு டிபன் பாக்ஸ் என்றால் சண்டை நிச்சயம்.